ஓடையா, பறவையா, மழையா: எந்த ஒலி எதற்கு?

மன அமைதிக்காக இயற்கை ஒலிகளை நாடுகிறவர்கள் பலர் ஒரே ஒரு மழைப் பதிவைப் பிடித்துக்கொள்கிறார்கள். பதற்றம் வந்தாலும் அதுதான், வேலை செய்யும்போதும் அதுதான், படுக்கப் போகும்போதும் அதுதான். இரண்டு வாரத்தில் சலித்துப்போய், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். கோளாறு மழையில் இல்லை. பதற்றம் தணிவது, பக்கத்துப் பேச்சை மறைத்து வேலையில் ஊன்றுவது, தெருச் சத்தத்துக்கு நடுவே தூங்குவது ஆகிய மூன்றும் காதிடம் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கேட்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் ஒலி இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

ஆகவே எந்த ஒலி, எந்த வழியில், எவ்வளவு சத்தத்தில் என்று மூன்றையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் நேரம் செலவழிக்கிறார்கள். பலன் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கிறது.

முதலில் கழித்தல்

ஒலியைக் கூட்டுவதற்கு முன் இரைச்சலைக் கழிக்க முடியுமா என்று பாருங்கள். இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் மொத்த அளவு 3 டெசிபல் கூடும். அறையில் ஏற்கெனவே 55 டெசிபல் வாகன இரைச்சல் இருந்தால், அதை மறைக்க ஓடை ஒலியும் ஏறக்குறைய அதே அளவில் ஓட வேண்டும். அப்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது 58 டெசிபலில். மனம் தணிவதற்கு வந்த இடத்தில் காதுக்குச் சுமை கூடியதுதான் மிச்சம்.

சற்றே திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தைச் சுமார் 15 டெசிபல் குறைக்கும். இடுக்கில்லாமல் மூடிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஆனால் சட்டத்தைச் சுற்றி மெல்லிய இடுக்கு இருந்தாலே இந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும். காற்று நுழையும் வழியெல்லாம் ஒலி நுழையும் வழிதான். சட்டத்துக்கு ரப்பர் பட்டை, கதவின் அடியிடுக்குக்குத் துடைப்பப் பட்டை, கடகடக்கும் மின்விசிறிக்குத் திருகு முடுக்கல் ஆகிய மூன்றையும் செய்த பிறகு மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் ஓடையும் மழையும்.

காது ஏன் தணிகிறது

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. தூக்கத்திலும் அது காவலில்தான் இருக்கிறது. சீராகவும் மெல்லிய ஏற்ற இறக்கத்துடனும் வரும் ஒலியில் ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லை. திடீரென்று எழும் ஹாரனும் பாதி புரியும் பேச்சும் அந்தக் காவலைத் தட்டி எழுப்புகின்றன.

ஸ்வீடனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 40 பேருக்கு மனக்கணக்கு கொடுத்து நெருக்கடி உண்டாக்கி, பிறகு பறவையும் நீரூற்றும் கலந்த ஒலியையோ போக்குவரத்து இரைச்சலையோ கேட்க வைத்தார்கள். தோலின் மின்கடத்தல் அளவு, அதாவது வியர்வை வழியாகத் தெரியும் உடல் பதற்றம், இயற்கை ஒலியில் விரைவாகத் தணிந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டாவது முடிவைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உடல் முழுக்க அமைதியில் மூழ்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்கு அதுவே சான்று.

பிரிட்டனில் 2017இல் மூளை ஸ்கேன் வழியாக 17 பேரிடம் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தொடக்கத்தில் அதிகப் பதற்றத்தில் இருந்தவர்களே இயற்கை ஒலியால் அதிகம் தணிந்தார்கள். முன்பே நிம்மதியாக இருந்தவர்களுக்கு உடலின் விழிப்பு சற்றுக் கூடவே செய்தது. நிம்மதியாக இருக்கும்போது சோதித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு விஷயமும் தேர்வை நேரடியாகப் பாதிக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் எதன் ஒலி என்று தெளிவாகத் தெரியாத ஒரே இரைச்சலை ஒரு குழுவிடம் அருவி என்றும், இன்னொரு குழுவிடம் தொழிற்சாலை என்றும் சொல்லிக் கேட்க வைத்தார்கள். அருவி என்று நம்பியவர்கள் கூடுதலாகப் புத்துணர்வு பெற்றதாகச் சொன்னார்கள். அதனால் இது என்ன ஒலி என்று காது உடனே அடையாளம் காணக்கூடிய பதிவையே எடுங்கள். எங்கோ ஏதோ இரைகிறது என்று தோன்றும் பதிவு எவ்வளவு உயர்தரமானாலும் வெறும் இரைச்சலாகவே மிஞ்சும்.

தண்ணீர்: எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல

தமிழில் ஓடைக்குச் சலசலப்பு என்கிறோம், அருவிக்கு இரைச்சல் என்கிறோம். ஆய்வகத்தில் கேட்டுப் பார்த்தவர்களின் விருப்ப வரிசையும் அதுவே: இயற்கை ஓடை முதலில், நீரூற்று அடுத்தது, அருவி கடைசி. காரணம் ஒலியின் அமைப்பில் இருக்கிறது. அருவியில் ஆயிரமாயிரம் துளிகள் ஒன்றாக விழுவதால் தனித்தனி ஒலிகள் கரைந்து, தொலைவில் ஓடும் நெடுஞ்சாலை போன்ற ஒரே சீரான உறுமல் ஆகிவிடுகிறது. ஓடையில் ஒவ்வொரு குமிழியும் தனியாகக் கேட்கும். தண்ணீரின் இன்னிசை உண்மையில் தண்ணீருக்குள் சிக்கும் காற்றுக் குமிழிகளின் அதிர்வு. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், 3 மில்லிமீட்டர் குமிழி சுமார் 1,100 ஹெர்ட்ஸில். குமிழியின் அளவுகள் கலந்து வரும்போதுதான் சலசலப்பு பிறக்கிறது.

மறைப்பதற்கு எது நல்லது என்பது வேறு கேள்வி. பேச்சை மறைக்க ஓடை மிகப் பொருத்தம். பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்து ஒலிகள் இருக்கும் அலைவரிசைகளிலேயே ஓடையின் ஆற்றலும் இருக்கிறது. பின்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வடிகட்டிய இரைச்சல், காற்றோட்டக் கருவியின் ஒலி, வாத்திய இசை, பாட்டு, ஊற்று நீர் ஆகிய ஐந்தை வைத்து அலுவலகப் பேச்சை மறைத்துப் பார்த்தார்கள். ஊற்று நீரே சிறந்ததாக வந்தது.

பேருந்தின் உறுமலையும், சுவர் வழியாக வரும் தாழ்சுருதித் தாளத்தையும் ஓடையால் மறைக்க முடியாது. தாழ்ந்த சுருதி உயர்ந்ததை மறைக்கும். உயர்ந்த சுருதி தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்காது. இது செவியின் உள்ளமைப்பு, சத்தத்தைக் கூட்டினால் மாறாது. அங்கே கனமழை, கடலலை, சற்றுத் தொலைவில் விழும் அருவி போன்ற அடித்தொனி உள்ள ஒலிதான் வேண்டும், அதையும் அடித்தொனி கொடுக்கக்கூடிய ஸ்பீக்கரில். கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் தாழ்சுருதி அநேகமாக வராது. கடலைப் போட்டால் எண்ணெயில் எதையோ பொரிப்பது போலக் கேட்கும்.

கடலலைக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. இரண்டு அலைகளுக்கு நடுவே ஒலி வடிந்து, அந்த இடைவெளியில் மறைக்க வேண்டிய பேச்சு தெளிவாகக் கேட்டுவிடும். தளர்வுக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அலை அருமையான துணை. வேலைக்குத் தடுப்புச் சுவராக அது உதவாது.

மழையில் இலைமேல் விழும் மழை மென்மையானது, தகரக் கூரை மழை காதுக்குக் கடினமானது. இடி கலந்த பதிவைத் தூக்கத்துக்கு எடுக்கவே வேண்டாம். படுத்தவுடன் சுகமாகத்தான் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு அதே இடி உலுக்கி எழுப்பும்.

பறவை: பதற்றத்துக்கு நல்லது, வேலைக்குச் சந்தேகம்

18 ஆய்வுகளின் தரவைத் தொகுத்து 2021இல் வெளியான அமெரிக்கப் பகுப்பாய்வில், நீரொலிகள் நல்ல மனநிலையையும் உடல்நலக் குறிகளையும் உயர்த்துவதில் முன்னே நின்றன. எரிச்சலையும் மன அழுத்தத்தையும் குறைப்பதில் பறவையொலி முன்னே நின்றது. ஜெர்மனியில் 2022இல் 295 பேரிடம் நடந்த சோதனையில் வெறும் 6 நிமிடப் பறவைப் பாட்டே பதற்றத்தையும் காரணமற்ற சந்தேக உணர்வையும் குறைத்தது. நினைவாற்றல் தேர்வுகளில் மாற்றம் இல்லை. கவனத்தைக் கூர்மையாக்கும் என்று பறவைப் பதிவை விற்பவர்களுக்கு இது தோதான முடிவு அல்ல. 2019இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வு இயற்கை ஒலி கேட்ட பின் நினைவுத் திறன் கூடியதாகக் காட்டியதும் உண்மை. அங்கேயும் ஒலியைக் கேட்டு முடித்த பிறகுதான் தேர்வு. வேலைக்கு நடுவில் ஓய்வாகக் கேட்பது வேறு, வேலை செய்துகொண்டே கேட்பது வேறு. பறவைப் பாட்டில் சொற்களைப் போலவே தொடக்கமும் முடிவும் உண்டு. எழுதவும் படிக்கவும் வேண்டிய நேரத்தில் அது கவனத்தை இழுக்கும் என்பது என் கணிப்பு.

எல்லாப் பறவையும் தணிப்பதில்லை. காகம் போன்ற கரகரப்பான, உரத்த குரல்களைக் கேட்டவர்கள் அவற்றில் புத்துணர்வு காணவில்லை. மெல்லிய, இசைத்தன்மையுள்ள, நன்கு பழகிய குரல்களே உதவின. பழக்கம் இங்கே பெரிய காரணி. தன் நினைவோடு ஒட்டிய பறவையின் குரல், அழகான அந்நியப் பறவையின் குரலைவிட வேலை செய்யும்.

வயதானவர்களுக்குப் பதிவு தேர்ந்தெடுக்கும்போது சுருதியைக் கவனிக்க வேண்டும். பல சிறு பறவைகளின் பாட்டு 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை செல்கிறது. வயதோடு முதலில் மங்குவதும் அந்தப் பகுதிதான். அவர்களுக்குக் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் பக்கத்தில் இருக்கும் இளையவர்களின் காதைக் குத்தும். ஓடைக்கோ புறாவின் குமுறலுக்கோ மாறுவது நல்லது.

பூச்சிகளின் ரீங்காரமும் தவளைக் கூச்சலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாலாட்டு, மற்றவர்களுக்குத் தொல்லை. பொது அறையில் வேண்டாம். இலைகளில் காற்று நல்ல தேர்வுதான். ஆனால் பதிவுகளில் பாதி மைக்கில் காற்று அடித்த "புஸ்" ஒலியோடுதான் கிடைக்கின்றன.

நேரிலா, பதிவிலா, மேசை நீரூற்றிலா

நேரில் கேட்க வாய்ப்பிருந்தால் அதற்கே முதலிடம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வில் 1,292 பேர் கைபேசிச் செயலி வழியாகத் தங்கள் மனநிலையை அவ்வப்போது பதிவு செய்தார்கள். பறவையைப் பார்த்த, கேட்ட பிறகு மனநிலை மேம்பட்டது எட்டு மணி நேரம் வரை தெரிந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அது தெரிந்தது. இதில் நடை, வெளிச்சம், திறந்த வெளி எல்லாம் கலந்திருக்கின்றன, காது மட்டும் சாதித்தது என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுப்பவருக்கு அது குறையும் அல்ல, எல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து ஒரு மணி பின்வரை போக்குவரத்துக் குறைவு, பறவைகள் அதிகம். 20 நிமிடம் போதும். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

பதிவு வாங்கும்போது, இறக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. நீளம் குறைந்தது 45 நிமிடம் இருக்கட்டும். 5 நிமிடத் துண்டைச் சுழலவிட்டால், மூன்றாவது சுற்றில் அதே குருவி அதே இடத்தில் கூவுவதைக் காது பிடித்துவிடும், பிறகு அதற்காகவே காத்திருக்கும். எம்பி3 என்றால் நொடிக்கு 192 கிலோபிட்டுக்குக் குறையாமல் எடுங்கள். மழையும் கைதட்டலும் சுருக்கும் மென்பொருளுக்கு மிகக் கடினமான ஒலிகள். குறைந்த தரத்தில் மழை உலோகத்தன்மையோடு சுழல்வது போலக் கேட்கும். பின்னணியில் பியானோ சேர்த்த பதிவைத் தள்ளுங்கள். இணையத்தில் நேரடியாக ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் உரத்த குரலில் வரும், அரை மணித் தளர்வு அரை நொடியில் போகும். இறக்கி வைத்துக்கொள்வதே வழி.

மேசை நீரூற்று கண்ணுக்கும் விருந்து என்பதால் பலரும் விரும்புகிறார்கள். பெரும்பாலான சிறு நீரூற்றுகளில் தண்ணீர் கல்லின்மேல் வழிந்து மெல்லிய "ஸ்ஸ்" ஒலி மட்டும் தருகிறது. குமிழி உருவாக 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, சில சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் விழ வேண்டும். அடுத்த சிக்கல் மோட்டாரின் ரீங்காரம். மேசைப் பலகை அதைப் பெருக்கிக் காட்டும், அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டார் காற்றை உறிஞ்சிக் களகளவென்று அலறும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவாவிட்டால் பாசியும் கிருமியும் சேரும், துளியாகத் தெறிப்பதால் அவை மூச்சிலும் போகலாம். பராமரிக்க மனமில்லாதவர்கள் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர், ஹெட்போன், சத்தத்தின் அளவு

வீட்டில் ஸ்பீக்கரே மேல். தலையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். இரைச்சலை மறைக்க வேண்டுமென்றால், அது வரும் பக்கத்திலேயே, அதாவது அந்த ஜன்னலுக்கு அருகில் வைக்க வேண்டும். இரண்டு ஒலிகளும் ஒரே திசையிலிருந்து வந்தால்தான் காது பிரித்தறியத் திணறும். எதிர்த்திசையில் வைத்தால் ஓடை தனியாக, பேச்சு தனியாகக் கேட்கும்.

அளவைக் கைபேசிச் செயலியால் பார்க்கலாம். ஐபோனுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் தரும் ஒலிமானிச் செயலி இலவசம், நம்பகமானது. மற்ற கைபேசிகளில் மைக்குக்கு மைக் வேறுபாடு அதிகம். அங்கே எண்ணை நம்பாமல் முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தலை இருக்கும் இடத்தில் வைத்து, 'ஏ' எடையிட்ட அளவில் (மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய அளவு, செயலியில் dBA), ஒரு நிமிட சராசரி எடுங்கள். சாலை இரைச்சலுக்கு நடுவே நீரொலி அதே அளவிலோ 3 டெசிபலுக்கு மேல் தாழாமலோ இருந்தால் போதும். அதைவிட உரக்க வைப்பதால் கூடுதல் நன்மை இல்லை. பேச்சை மறைக்க வேலையிடத்தில் 40 முதல் 45 டெசிபல். 48ஐத் தாண்டினால் மறைக்கும் ஒலியே புகாராக மாறும்.

திறந்த அலுவலகத்தில் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஓடைக்குச் சரியான ஜோடி. அந்தத் தொழில்நுட்பம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேலே மிஞ்சும் பேச்சை ஓடை பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது சத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம். உலகச் சுகாதார அமைப்பின் பாதுகாப்பு வரம்பு பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. அது காது கெடாமல் இருப்பதற்கான வரம்பு. மனம் தணிவதற்கான அளவு அதைவிட மிகக் கீழே.

தூக்கம்: நம்பிக்கையைக் குறைத்து வையுங்கள்

சந்தையில் அதிகம் விற்பது தூக்கத்துக்கான ஒலிதான், சான்று மிகப் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். தொடர் ஒலி தூக்கத்தை மேம்படுத்துகிறதா என்று ஆராய்ந்த 38 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மீளாய்வு, சான்றின் தரம் மிகக் குறைவு என்றே முடித்தது. அமைதியான அறையில் தூங்குகிறவர் ஒலி சேர்க்க எந்தக் காரணமும் இல்லை.

இரைச்சல் உள்ள அறையில் நியாயம் உண்டு. தூக்கத்தைக் கலைப்பதில் சத்தத்தின் உயரத்தைப் போலவே பின்னணியிலிருந்து அது எவ்வளவு துள்ளுகிறது என்பதும் முக்கியம். அறை 30 டெசிபலில் இருக்கும்போது 55 டெசிபல் ஹாரன் வந்தால் 25 டெசிபல் துள்ளல். சீரான மழையை 42இல் வைத்தால் துள்ளல் 13தான். இதற்கு மாறாமல் ஓடும் மழை வேண்டும், பறவையோ அலையோ இடியோ கூடாது. ஹாரன் இரவெல்லாம் வருமென்றால் மழையும் இரவெல்லாம் ஓட வேண்டும். உறக்கம் பிடிக்கும் வரைதான் தேவையென்றால் 45 நிமிடம் வைத்து, கடைசி 5 நிமிடத்தில் படிப்படியாகத் தேயுமாறு அமையுங்கள். சட்டென்று நிற்கும் ஒலியும் எழுப்பும். இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுகிறவர்களுக்கு ஓடை வேண்டாம், காரணம் விளக்கத் தேவையில்லை.

கைக்குழந்தை அறையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2014இல் 14 குழந்தைத் தூக்கக் கருவிகளை அளந்தபோது, முழுச் சத்தத்தில் 30 சென்டிமீட்டர் தொலைவில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. கருவி தொட்டிலில் அல்ல, குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, மிகக் குறைந்த சத்தத்தில் இருக்க வேண்டும். குழந்தை தூங்கியதும் அணைத்துவிடுங்கள்.

வெளியில் ஒலி இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் கேட்கும் நோய் (டின்னிடஸ்) உள்ளவர்களுக்கு மென்மையான நீரொலி உண்மையிலேயே துணை. ஆனால் அந்த இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், அது இன்னும் மெல்லக் கேட்கும்படி சற்றுக் கீழே வையுங்கள். மறைத்துவிட்டால் மூளை அதற்குப் பழக வாய்ப்பே கிடைக்காது. சொட்டு ஒலி, களகளப்பு போன்ற சிறு ஒலிகளைக் கேட்டாலே கோபம் பொங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சீரான மழை மட்டும், அதுவும் அவர்களே தேர்ந்தெடுத்தால். வாரக்கணக்கில் தூக்கமின்மையோ தாங்க முடியாத பதற்றமோ இருந்தால், ஒலியைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எது உங்களுக்கு உதவுகிறது என்று சோதிக்க ஆறு நாள் எடுங்கள். தினமும் அதே நேரத்தில், வேலை முடித்த களைப்போடு, பதற்றத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதுங்கள். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள், மறுபடி எழுதுங்கள். ஒரு நாள் ஒலியோடு, மறுநாள் ஒலியில்லாமல். கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்ட நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நாள் ஒலியும் மூன்று நாள் அமைதியும் ஒரு புள்ளிக்குள் சமமாக வந்தால், ஓடையை அணைத்துவிட்டு அந்தப் பணத்தை ஜன்னல் ரப்பருக்குச் செலவிடலாம்.